உடைக்கறதுக்கு முன்னாடி: ஒரு பாத்ரூம், ஒரு பென்சில், 28 நாள்

வீட்ல ஒருத்தன் சிவில் நாலாவது வருஷம் படிச்சா, வீட்டுக்காரங்க அவனை இன்ஜினியர்னே முடிவு பண்ணிடுவாங்க. ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்ல என்ன மார்க்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. "தம்பி, அந்த பாத்ரூமை என்னன்னு பாரு"ன்னுதான் கேப்பாங்க. நாலு வருஷத்துல பாலம், அணை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் எல்லாம் டிசைன் பண்ணியாச்சு. கமோடை சுவர்ல இருந்து எத்தனை இன்ச் தள்ளி வைக்கணும்னு ஒரு சிலபஸ்லயும் வரல. அதனாலதான் இந்தக் கட்டுரை.

விஷயம் இது. அப்பத்தாவுக்கு ஜூன் மாசம் மூட்டு மாற்று ஆபரேஷன். அதுக்கப்புறம் தரையில குத்துக்கால் போட்டு உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். திண்டுக்கல்ல எங்க வீடு 1994-ல கட்டினது. இருக்கறது ஒரே பாத்ரூம், அதுல இந்தியன் டாய்லெட், வழுவழுன்னு பழைய டைல், வாசல்ல நாலு இன்ச் உயரத்துக்கு ஒரு படிக்கல். அப்பத்தா வாக்கர் பிடிச்சு வீட்டுக்குள்ள வர்ற அன்னைக்கு இது மாறியிருக்கணும். முடிஞ்ச வேலைய நாமே செய்றது, மீதிக்கு மட்டும் ஆள் வைக்கறதுன்னு அப்பாவும் நானும் முடிவு பண்ணோம். இன்னும் ஒரு டைல் கூட உடைக்கல. மூணு வாரமா நோட்டு, பென்சில், டேப்போட மட்டும்தான் வேலை நடக்குது. இதுவரைக்கும் அந்த நோட்ல ஏறினதைத்தான் இங்க எழுதறேன்.

தண்ணி போற வழி

பாத்ரூம் மாத்தணும்னா எல்லாரும் முதல்ல போறது டைல்ஸ் கடைக்கு. டைல் கடைசியில வர்ற விஷயம். அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது, தண்ணி எங்க இருந்து வருது, எங்க போகுது. வீட்டுக்கு வெளிய போய் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்க. உள்ள ஒரு பக்கெட் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு, எந்தக் குழாய் வழியா வருது, எவ்வளவு நேரத்துல வருதுன்னு கவனிங்க. பிளான் ஷீட்ல இல்லாத குழாய் எல்லாம் அப்பதான் தெரிய வரும். எங்க வீட்டுக்கு பிளான் ஷீட்டே கிடையாது, கட்டின மேஸ்திரியோட ஞாபகத்துலதான் இருந்துச்சு.

இப்ப கமோட். கடையில "எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா?"ன்னு கேப்பாங்க. முழிக்க வேண்டாம். எஸ் ட்ராப்னா கழிவு தரைக்குள்ள இறங்கும். பி ட்ராப்னா பின்னாடி சுவர் வழியா வெளிய போகும். எஸ் ட்ராப் எடுத்தா, சுவர்ல இருந்து ஓட்டையோட நடு மையம் வரைக்கும் எவ்வளவு தூரம்ங்கறதுதான் உயிர்நாடி. 4 இன்ச், 9 இன்ச், 12 இன்ச்னு மாடலுக்கு மாடல் மாறும். இந்த அளவு டைல் ஒட்டின சுவர்ல இருந்து எடுக்கற அளவு, பூசாத செங்கல்ல இருந்து இல்ல. பூச்சும் டைலும் சேர்ந்தா ஒரு இன்ச்சுக்கு மேல போயிடும். எங்க தெருவுல ஒரு வீட்ல குழாயை முதல்ல போட்டுட்டு, கமோடை அப்புறம் வாங்கினாங்க. கமோட் சுவரை விட்டு மூணு இன்ச் தள்ளி நிக்குது. அந்த இடுக்குல பிரஷ்ஷும் போகாது, கையும் போகாது.

எங்களுக்கு பி ட்ராப்தான் சரி. கமோட் வரப்போற சுவர் வெளிச்சுவர், சேம்பர் அங்க இருந்து ஆறடி தூரம். முடிச்ச தரையில இருந்து சுமார் 180 மி.மீ. உயரத்துல சுவர்ல ஒரு ஓட்டை போட்டா 110 மி.மீ. குழாய் நேரா வெளிய போயிடும். தரைக்கு அடியில இருக்கற பழைய கல் குழாயைத் தோண்ட வேண்டாம், அதோட வாயை அடைச்சா போதும். குழாய்ச் சரிவு 40-க்கு 1-னு வச்சா, ஆறடிக்கு 46 மி.மீ. இறக்கம். சேம்பர்ல அந்த ஆழம் தாராளமா இருக்கு. இந்த ஒரு முடிவுலயே உடைப்பு வேலை பாதியாகுது. மாடி வீடா இருந்தா கதை வேற. கீழ் வீட்டுக்காரங்க சீலிங்கையும் சேர்த்து யோசிக்கணும்.

அடுத்தது ஃப்ளோர் ட்ராப், கடையில நானி ட்ராப்னும் சொல்வாங்க. அதுக்குள்ள 50 மி.மீ. தண்ணி எப்பவும் தேங்கி நிக்கணும். சாக்கடை நாத்தத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கறது அந்தத் தண்ணிதான். "எவ்ளோ கழுவினாலும் பாத்ரூம் நாறுது"ன்னு சொல்ற நிறைய வீடுகள்ல ட்ராப்பே இருக்காது. குழாய் மேல நேரா ஜாலி மட்டும் போட்டிருப்பாங்க. பினாயில் ஊத்தி என்ன பிரயோஜனம்?

70 மி.மீ. எங்க இருந்து வந்துச்சு

எங்க பாத்ரூம் 7 அடிக்கு 4 அடி. கதவு ஒரு கடைசியில, கமோட் மறு கடைசியில. பழைய ட்ராப் கமோட் பக்கத்து மூலையில இருக்கு. அதை அங்கேயே விட்டா, குளிக்கற தண்ணி மொத்தமும் கமோடைச் சுத்திப் போய்த்தான் வடியும். ராத்திரி எழுந்து போற அப்பத்தா ஈரத்துலதான் கால் வைக்கணும். அதனால ட்ராப்பை வலது சுவரோரம் நடுவுக்கு மாத்தறோம். குளிக்கற இடம் அங்க, ரெண்டு பக்கமும் தரை அதை நோக்கிச் சரியும்.

சரிவு எவ்வளவு? பாத்ரூம் தரைக்கு 80-க்கு 1-ல இருந்து 100-க்கு 1 வரைக்கும் வைப்பாங்க, அதாவது மீட்டருக்கு 10-லிருந்து 12 மி.மீ. இதுக்குக் குறைஞ்சா தண்ணி தேங்கும், ரொம்பக் கூடினா கால் சறுக்கும், ஸ்டூல் ஆடும். கதவுல இருந்து ட்ராப்புக்கு மூணரை அடி, கிட்டத்தட்ட 1.07 மீட்டர். 80-ஆல வகுத்தா 13 மி.மீ.

படிக்கல்லை எடுத்துடறதால, தண்ணி ஹாலுக்கு வராம இருக்க கதவுகிட்ட பாத்ரூம் தரை அரை இன்ச் கீழ இருக்கணும். அது ஒரு 13. ஆக, ட்ராப் கிட்ட முடிச்ச தரை ஹாலை விட 26 மி.மீ. கீழ. அதுக்கு அடியில டைலும் ஒட்டுற அட்ஹெசிவும் சேர்ந்து 14. வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் 2. சரிவு போடற சிமெண்ட் கலவை குறைஞ்சது 25. கூட்டினா 67. உடைக்கற அன்னைக்கு நாங்க பிடிச்சுக்க வேண்டிய நம்பர், ஹால் தரையில இருந்து 70 மி.மீ. ஆழம். இந்தக் கணக்கு போடாம பழைய தரை மேலேயே கலவையைப் போட்டா, ஒவ்வொரு அடுக்கும் மேல மேல ஏறி, கடைசியில பாத்ரூம் ஹாலை விட உயரமாயிடும். அப்ப படிக்கல்லைத் திரும்ப வைக்கறதைத் தவிர வேற வழி இல்ல. வாக்கர் வெளியவே நிக்கும்.

ஹால் தரை மட்டத்தை பாத்ரூம் நாலு சுவர்லயும் மார்க் பண்ண லேசர் எல்லாம் வேண்டாம். கண்ணாடி மாதிரி தெரியற ட்யூப்ல தண்ணி நிரப்பி ரெண்டு முனையையும் பிடிச்சாலே போதும். நம்ம ஊர் கொத்தனார் காலங்காலமா செய்றதுதான். சர்வே லேபுல ஆட்டோ லெவலை வச்சு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினதை நினைச்சா இது எவ்வளவோ மேல்.

"பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டிடலாமே, உடைக்கவே வேண்டாமே?"ன்னு கேப்பீங்க. அட்ஹெசிவ் வச்சு ஒட்டலாம், தப்பில்ல. ஆனா அது நல்லா இருக்கற பாத்ரூமுக்கு. டைலை ஒரு நாணயத்தால தட்டிப் பாருங்க. டொக் டொக்குன்னு பொள்ளலா சத்தம் வந்தா அது ஏற்கனவே விட்டுப்போச்சுன்னு அர்த்தம். பின்பக்க ரூம் சுவர்ல பெயிண்ட் உரிஞ்சு உப்பு பூத்திருந்தா தண்ணி உள்ளே கசியுது. எங்க வீட்ல ரெண்டுமே இருக்கு.

மேல இருந்து வர்ற தண்ணி

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் யூனிட் இங்க வேலை செய்யும். எங்களது ஒரு மாடி கூட இல்லாத வீடு. மொட்டை மாடியில ஸ்டாண்டு மேல டேங்க். டேங்கோட அடி, பாத்ரூம் தரையில இருந்து 4 மீட்டர் உயரம். ஷவர் தலை 2.1 மீட்டர்ல இருக்கும். மிச்சம் 1.9 மீட்டர் தண்ணி உயரம், டேங்க் ரொம்பி இருந்தா 2.9. பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பார்னு வச்சா, கிடைக்கறது 0.19-ல இருந்து 0.28 பார், அதுவும் குழாய் உராய்வைக் கழிக்கறதுக்கு முன்னாடி. கடையில அழகா தொங்கற பெரிய ரெயின் ஷவர் பலதுக்கும் அதை விட இரண்டு மூணு மடங்கு வேணும். மாட்டினா மழை வராது, சொட்டும். தங்கச்சி ஆசைப்பட்டா, கணக்கைக் காட்டினேன், கோவிச்சுக்கிட்டா. சின்ன முகம் உள்ள சாதா ஷவர் ஒண்ணு வாங்கறோம். அப்பத்தாவுக்கு எப்படியும் பக்கெட்டும் மக்கும்தான்.

சுடுதண்ணி லைன் சிபிவிசி குழாய்ல போகணும், யுபிவிசி சூட்டுக்கு ஆகாது. சுவருக்குள்ள மறைச்சு வைக்கற டைவர்ட்டரை நான் வேண்டாம்னுட்டேன். உள்ள ஒரு வாஷர் போனாலும் டைலை உடைக்கணும். வெளிய தெரியற வால் மிக்ஸர் பாக்க சுமார்தான், ஆனா ஸ்பேனர் இருந்தா நானே கழட்டிடுவேன். போர் தண்ணி உப்பு அடைக்கற ஊர்ல அது முக்கியம்.

குழாய்க்கு சுவரை வெட்டறதுலயும் ஒரு கணக்கு உண்டு. பொதுவா, செங்குத்தா வெட்டினா சுவர்க் கனத்துல மூணுல ஒரு பங்கு, படுக்கையா வெட்டினா ஆறுல ஒரு பங்குதான் ஆழம் போகலாம்னு சொல்வாங்க. எங்க உள்சுவர் நாலரை இன்ச், அதாவது 115 மி.மீ. படுக்கையா 19 மி.மீ.தான் வெட்டலாம். முக்கால் இன்ச் சிபிவிசி குழாயோட வெளி விட்டமே 22. ஆக அந்தச் சுவர்ல படுக்கையா குழாய் கிடையாது. மேல இருந்து நேரா கீழ இறக்கறோம். ப்ளம்பர் அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்ப, "இப்பிடித்தான் தம்பி நாங்க எப்பவும் போடுவோம்"னார். அவர் போன வாரம் வேற வீட்ல எப்பிடிப் போட்டார்னு நான் கேக்கல.

ஹீட்டர் 3 கிலோவாட். 3000-ஐ 230-ஆல வகுத்தா 13 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்ல அதைச் சொருகக் கூடாது. டிபி பாக்ஸ்ல இருந்து தனி லைன், 2.5 ஸ்கொயர் மி.மீ. காப்பர் வயர், 16 ஆம்பியர் பாயிண்ட், ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளிய, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பழைய வீடுங்கறதால எர்த்திங் உண்மையிலேயே இருக்கான்னு முதல்ல பாக்கணும். இந்தப் பத்தியில நாங்க செய்யப் போறது எழுதி வைக்கறது மட்டும்தான். ஒயர்ல கை வைக்கறது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன். வீடியோ பாத்து கத்துக்கற வேலை இல்ல இது.

அப்பத்தாவை அளந்தது

"ஏண்டா, சேர்ல உக்காந்தா வருமாடா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, என்கிட்ட பதில் இல்ல. ஆனா உயரத்தை அளக்க ஒத்துக்கிட்டாங்க. சாதா கமோடோட உயரம் 15, 16 இன்ச். மூட்டு வலி உள்ளவங்களுக்கு அதுல இருந்து எழறது கஷ்டம். வீட்ல இருக்கற ஸ்டூல், சேர், மர முக்காலின்னு ஒவ்வொண்ணா உக்காந்து எழச் சொல்லிப் பாத்ததுல, 18 இன்ச் உள்ளதுல மட்டும்தான் யாரையும் பிடிக்காம எழுந்தாங்க. அந்த உயரத்துலயே கமோட் கிடைக்குது.

எழும்போது அவங்க இடது கை தானா எங்க போகுதோ அங்க சுவர்ல சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டேன். பிடிகம்பி வரப்போற இடம் அதுதான். கமோடோட நடு மையம் இடது சுவர்ல இருந்து 18 இன்ச். நாலடி அகலத்துல நட்ட நடுவுல வச்சா சிமெட்ரியா அழகா இருக்கும், ஆனா கை எட்டாது. இன்னொண்ணு, பிடிகம்பி டைலைப் பிடிச்சு நிக்கக் கூடாது. ஆங்கர் போல்ட் டைலைத் தாண்டி செங்கல்லுக்குள்ள இறங்கணும். வழுக்கி விழற ஆளோட மொத்த எடையும் ஒரு நொடியில அதுல வரும். உறிஞ்சுபிடிக்கற ரப்பர் கப் மாடல் ஒண்ணு கடையில இருக்கு. டவல் தொங்கவிட நல்லா இருக்கும்.

வாக்கர் அகலம் 24 இன்ச். கதவு திறந்தா கிடைக்கற வழி 26. தப்பிச்சோம். ஆனா கதவு இப்ப உள்பக்கம் திறக்குது. உள்ள யாராவது விழுந்துட்டா அவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும். அதனால கீல் மாத்தி வெளிப்பக்கம் திறக்கற மாதிரி வைக்கறோம். வெளிய இருந்து நாணயத்தால திருப்பித் திறக்கற தாழ்ப்பாளும் கிடைக்குது. மொத்த வேலையில குறைஞ்ச செலவு இதுக்குத்தான், நிறைய பலனும் இதுலதான்.

டைலுக்கு இப்பதான் வர்றோம். தரை டைல்ல ஆர்9, ஆர்10, ஆர்11னு போட்டிருக்கும். ஜெர்மன் தரமான டின் 51130-ல வர்ற எண் அது. எண்ணெய் தடவின சாய்தளத்துல ஷூ போட்ட ஆளை நடக்க விட்டு, எந்தக் கோணத்துல வழுக்குதுன்னு பாப்பாங்க. ஆர்10-னா 10 டிகிரிக்கு மேல 19 வரைக்கும், ஆர்11-னா 27 வரைக்கும். நாம பாத்ரூம்ல ஷூ போடறதில்ல. வெறுங்காலுக்கு, சோப்புத் தண்ணியில பாக்கற சோதனை வேற, டின் 51097. அதுல ஏ, பி, சின்னு மூணு வகுப்பு. நம்ம கடைகள்ல அதைக் கேட்டா "அதெல்லாம் தெரியாது சார்"ம்பாங்க. அதனால ஆர்11 எடுத்து, கடைக்காரர்கிட்ட கொஞ்சம் தண்ணி வாங்கி ஊத்தி, செருப்பைக் கழட்டி வெறுங்காலால தேச்சுப் பாருங்க. வெக்கப்பட வேண்டாம். தரைக்கு 300-க்கு 300 மி.மீ. சைஸ் போதும். பெரிய டைல்ல சரிவு வளைஞ்சு வராது.

சுவருக்குக் கணக்கு: சுற்றளவு 22 அடி, உயரம் 7 அடி, 154 சதுர அடி, கதவைக் கழிச்சா 136. 300-க்கு 600 டைல் ஒண்ணு 1.94 சதுர அடி. 70 டைல், வெட்டுச் சேதாரத்துக்கு பத்து சதவீதம் சேர்த்து 77. பெட்டிக்கு அஞ்சுனா 16 பெட்டி. எல்லாப் பெட்டியிலயும் பேட்ச் நம்பர் ஒண்ணாங்கறதைப் பாத்து ஒரே தடவையில வாங்கணும். அப்புறமா ரெண்டு பெட்டி வாங்கப் போனா நிறம் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும்.

யார் எதைச் செய்றது, எத்தனை நாள்

சுவர் டைலை உடைக்கறது நானும் அப்பாவும். கண்ணாடி, கிளவுஸ், நல்ல மாஸ்க் கட்டாயம், ஏன்னா பறக்கற தூசியில சிலிக்கா இருக்கு. குப்பை எவ்வளவு வரும்? சுவர்ல ஒரு இன்ச் கனம், தரையில 70 மி.மீ., ரெண்டும் சேர்ந்து சுமார் 18 கன அடி. எடை கிட்டத்தட்ட ஒரு டன். சாக்குக்கு 30 கிலோன்னு கட்டினா 33 சாக்கு. "ஓரமா கொட்டிடலாம்"ங்கற பேச்சு அங்கேயே முடிஞ்சது. குட்டி யானை வண்டிக்கு முன்னாடியே சொல்லியாச்சு.

குழாயும் கழிவு லைனும் ப்ளம்பர். சரிவும் டைலும் கொத்தனார். அந்த 13 மி.மீ. அவர் கையில இருக்கு, அதுல நான் விளையாட மாட்டேன். வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், க்ரவுட், சிலிக்கான், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் நாங்க. கோட்டிங்கைத்தான் அடிக்கடி அவசரத்துல விட்டுடறாங்க, அதனால அதை நாமே செய்றது நல்லது. ஒரு கோட் நெடுக்க, அது காஞ்சதும் ரெண்டாவது குறுக்க. சுவர்ல சுத்தியும் ஒரு அடி உயரம், குளிக்கற பக்கம் ஆறடி வரைக்கும்.

இப்ப நாள் கணக்கு. உடைச்சு அள்ள ரெண்டு நாள். குழாய், ஒயர் பைப் ரெண்டு நாள். பசை காஞ்சதும் அழுத்தம் குடுத்து கசிவு பாக்க ஒரு நாள். பூச்சும் சரிவுக் கலவையும் ஒரு நாள். அதுக்கப்புறம் ஏழு நாள் யாரும் ஒண்ணும் செய்யக் கூடாது, நனைச்சுக்கிட்டே இருக்கணும். கோட்டிங்கும் அது இறுகறதும் அஞ்சு நாள். பிறகு ட்ராப்பை அடைச்சு, தண்ணி நிரப்பி, 48 மணி நேரம் அப்படியே விட்டு, மட்டம் இறங்குதா, வெளிச்சுவர் ஈரமாகுதான்னு பாக்கணும். சுவர் டைல் ரெண்டு நாள், அடி வரிசையை மட்டும் விட்டுட்டு. தரை டைல் ஒரு நாள், அதோட அந்த அடி வரிசையும். ஒரு நாள் விட்டு க்ரவுட். கமோடும் குழாய்களும் ஒரு நாள். சிலிக்கான் ஒரு நாள், அது காய ஒரு நாள். கூட்டிப் பாருங்க, 27. இருபத்தெட்டாவது நாள்தான் உள்ள போகலாம். க்யூப் டெஸ்ட் ரிசல்ட்டுக்கு காத்திருக்கற அதே 28.

"ஒரு வாரத்துல முடிச்சுத் தரேன்"னு சொல்ற காண்ட்ராக்டர் இதுல எதை விடப் போறார்னு கேளுங்க. முதல்ல போறது அந்த ஏழு நாளும் அந்த 48 மணி நேரமும்தான். நாலு மாசம் கழிச்சு பின்பக்க ரூம்ல உப்பு பூக்கும்போது அவர் போன் எடுக்க மாட்டார்.

ஆக, ஒரே பாத்ரூம் உள்ள வீடு 28 நாள் எங்க போகும்? டெக்னிக்கலா எல்லாம் முடிச்சப்புறம் அம்மா கேட்ட கேள்வி இது. அப்பத்தா இப்பவே பின்தெரு சித்தி வீட்டுக்குப் போயிடறாங்க, அங்க வெஸ்டர்ன் இருக்கு. எங்களுக்குக் குளியலும் அங்கதான், காலையில வரிசை போட்டு. அப்பாவுக்கு சுகர், ராத்திரி ரெண்டு தடவை எழணும். எதிர்வீட்டு அக்கா அவங்க வெளி டாய்லெட் சாவியைக் குடுத்திருக்காங்க. மே மாசம் தண்ணி வண்டிக்காரங்க கிடைக்கறது கஷ்டம், நனைக்கற ஏழு நாளுக்கும் தண்ணி வேணும். அதனால ஏப்ரல் கடைசியிலயே ஆரம்பிக்கறோம். எனக்கு அப்ப பரீட்சை, முதல் நாலு நாள் அப்பாவும் மாமாவும் பாத்துக்கறாங்க. பணத்துல அஞ்சுல ஒரு பங்கைத் தொடாம வச்சிருக்கோம், பழைய சுவருக்குள்ள என்ன இருக்குன்னு உடைச்சாத்தான் தெரியும்.

ரெண்டு சின்ன விஷயம். பூச்சு போட்டு மூடறதுக்கு முன்னாடி குழாய் ஓடற ஒவ்வொரு சுவர்லயும் டேப்பை விரிச்சுப் பிடிச்சு போட்டோ எடுங்க. பத்து வருஷம் கழிச்சு ட்ரில் போடும்போது அந்தப் போட்டோ ஒரு குழாயைக் காப்பாத்தும். மிஞ்சின டைல்ல அஞ்சாறை பரண்ல போட்டு வைங்க.

அப்பத்தா கேட்டது ஒண்ணே ஒண்ணு, சோப்பு வைக்க சுவர்ல ஒரு மாடம். நாலரை இன்ச் சுவர்ல அது முடியாது. வலது பக்க ஒன்பது இன்ச் சுவர்ல, ஸ்டூல்ல உக்காந்தா கை எட்டற இரண்டரை அடி உயரத்துல வைக்கறோம். அதோட அடிப்பலகை முன்பக்கமா அஞ்சு மி.மீ. சரிஞ்சிருக்கணும், இல்லன்னா சோப்பு ஊறி கூழாயிடும். கோட்டிங் அதுக்குள்ளயும் அடிக்கணும்னு நோட்ல சிவப்பு மையில எழுதியிருக்கேன்.